பெட்டிக்குள் இருந்த கத்தி: சித்தூர்–திருப்பதி வட்டாரத்தில் முதலுதவியின் சொல்லும் பொருளும்

தமிழில் ‘முதலுதவி’, தெலுங்கில் ‘பிரதம சிகித்ஸ’. சித்தூருக்கும் வேலூருக்கும் இடையே எல்லையைக் கடந்து வாழ்வோர்க்கு இவ்விரு சொற்களும் ஒரே வெள்ளைப் பெட்டியின் இரு பெயர்கள். அகராதிகளும் ஒன்றை மற்றொன்றின் நேர்ப்பெயராகவே தருகின்றன. ஆயினும் தமிழ்ச் சொல் முதலில் செய்யப்படும் உதவியைச் சுட்ட, தெலுங்குச் சொல் முதலில் செய்யப்படும் சிகிச்சையைச் சுட்டுகிறது. கன்னடம் ‘பிரதம சிகித்ஸெ’ எனத் தெலுங்கோடு நிற்கிறது. மலையாளம் ‘பிரதம சுச்ரூஷ’ என்கிறது; அது பணிவிடை. ஆபத்தில் இருப்பவரிடம் முதலில் வந்து சேர்பவர் என்ன செய்ய வேண்டும் என்னும் வினாவுக்கு அண்டை மொழிகள் நான்கும் சேர்ந்து மூன்று விடைகளை வைத்திருக்கின்றன.

ஆங்கிலத்தில் இச்சொல் பிறந்ததும் ஒரு கலப்பில்தான். இங்கிலாந்தில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் 1877இல் தோன்றியபோது ‘முதல் சிகிச்சை’ என்னும் பொருளுடைய தொடரும், போர்க்களத் தொண்டைக் குறித்த ‘தேசிய உதவி’ என்னும் தொடரும் வழக்கில் இருந்தன. இரண்டும் இணைந்து புதுச்சொல் உண்டானது என்பது அச்சங்கத்தார் தரும் வரலாறு. பொதுமக்களுக்கான தொடக்கக் கையேட்டை எழுதியவர் பீட்டர் ஷெப்பர்டு என்னும் படை மருத்துவர். கையேடு பரவுவதற்கு முன்பே, 1879 ஜனவரி 22இல் தென்னாப்பிரிக்காவின் இசாண்டல்வானா போரில் அவர் கொல்லப்பட்டார். ஜெர்மனியில் ஃபிரீட்ரிக் ஃபான் எஸ்மார்க் 1882இல் கீல் நகரில் சமாரியர் பள்ளியைத் தொடங்கி, மருத்துவர் வரும்வரை உயிரைத் தாங்கிப் பிடிக்கும் கலையைப் பொதுமக்களுக்குக் கற்பித்தார். அம்மொழியில் அதன் பெயர் ‘முதல் உதவி’ என்றே அமைந்தது. பெட்டியின் வரலாறு இதற்குச் சற்றுப் பிந்தியது. 1888இல் அமெரிக்காவின் ஜான்சன் & ஜான்சன் நிறுவனம் ரயில்பாதைத் தொழிலாளர்களுக்காக அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. போர்க்களமும் தண்டவாளமும் பெற்றெடுத்த பொருள் அது. இந்தியாவுக்கும் அவ்விரு வழிகளிலேயே வந்தது.

சொல் சிந்தனையைச் சிறையிடுகிறது என்னும் பழைய கோட்பாட்டை இங்கு இழுத்துவர வேண்டியதில்லை. ‘சிகித்ஸா’ என்னும் வடசொல்லின் வேரே கவனித்தலைக் குறிப்பது. கவனிக்க விழைதல் என்னும் விழைவுவினை வடிவம்தான் நாளடைவில் மருத்துவத்தைக் குறிக்கலாயிற்று. வேர்ச்சொல்லை வைத்து ஒரு மக்கள் கூட்டத்தின் நடத்தையை விளக்குவது மொழியியல் ஆகாது. ஆனால் ஒரு சொல் தெருவில் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பது மொழியியலின் வேலையே. தெலுங்கு மாநிலங்களின் சிற்றூர்களில் ‘பிரதம சிகித்ஸ கேந்திரம்’ என்னும் பலகைகள் அரியவை அல்ல. அவற்றின் உள்ளே பெரும்பாலும் இருப்பவர் ‘ஆர்.எம்.பி.’ என்று ஊரார் அழைக்கும் மருத்துவர். பதிவுபெற்ற மருத்துவரைக் குறித்த அச்சுருக்கம், பதிவும் பட்டமும் இல்லாமல் ஊசி போடுபவரைக் குறிக்கும் சொல்லாகத் தலைகீழாக மாறியிருக்கிறது. மருத்துவமனை என்று எழுதச் சட்டம் இடந்தராது; ‘முதல் சிகிச்சை’ என்று எழுதினால் சிகிச்சை என்னும் சொல்லும் கிடைக்கிறது, முதல் என்னும் தற்காப்பும் கிடைக்கிறது. தமிழில் ‘முதலுதவி நிலையம்’ என்னும் பலகையின் கீழ் ஒருவர் குளுக்கோஸ் ஏற்றினால் சொல்லுக்கும் செயலுக்கும் இடையிலான முரண் உடனே உறுத்தும். எல்லைக்கு இப்பால் போலி மருத்துவம் இல்லை என்பதன்று; இங்கே அது வேறு பலகைகளைத் தேடிக்கொள்கிறது.

இந்த வேறுபாடு உயிரைத் தொடும் இடம் பாம்புக்கடி.

1911 ஏப்ரலில் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை, அந்நகரே வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. திருப்பதியும் சந்திரகிரியும் அந்த வட ஆர்க்காட்டைச் சேர்ந்தவை. கடலை வயல், கரும்பு, மாந்தோப்பு, கரட்டுப் பாறை, சேஷாசலக் காட்டின் விளிம்பு என்று விரியும் இந்நிலம் எலிக்கும் உகந்தது. எலியைத் தேடிவரும் பாம்புக்கும் உகந்தது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கும் இங்கு உண்டு. கண்ணாடிவிரியனுக்குத் தமிழ் அதன் முதுகின் வட்டக்குறிகளைப் பார்த்துப் பெயரிட்டது. தெலுங்கில் ‘ரக்தபிஞ்ஜரி’ என்னும் பெயர் இரத்தம் என்னும் சொல்லைத் தன்னுள் கொண்டது. ஒன்று பாம்பின் தோற்றம், மற்றொன்று கடியின் விளைவு. மருத்துவ நோக்கில் தெலுங்குப் பெயரே கூர்மையானது. இதன் நஞ்சு இரத்தத்தின் உறையும் ஆற்றலைச் சிதைப்பது. இந்தச் செய்தியைப் பின்னர் மீண்டும் எடுக்க வேண்டியிருக்கும்.

பாம்புக்கடிக்கு ஆயத்த மருந்தை முன்கூட்டியே கையில் வைத்துக்கொள்ளும் எண்ணம் இப்பகுதிக்கு ஐரோப்பியர் கொண்டுவந்ததன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை மாகாணமெங்கும் ‘தஞ்சாவூர் மாத்திரை’ புகழ்பெற்றிருந்தது. வெள்ளைப் பாஷாணம், நாவிக் கிழங்கு, நேர்வாளப் பருப்பு, மிளகு, பாதரசம் என்பன அதன் கூட்டுப்பொருள்களுள் அடங்கும். கம்பெனி அரசும் அதில் ஆர்வம் காட்டியது. விசாகப்பட்டினத்தில் பணியாற்றிய பேட்ரிக் ரஸ்ஸல் விலங்குகள்மீது சோதனைகள் நடத்தி, 1796இல் வெளிவந்த தம் பாம்பு நூலில் இம்மாத்திரை பற்றியும் எழுதினார். கண்ணாடிவிரியன் இன்று ஆங்கிலத்தில் அவர் பெயராலேயே வழங்குகிறது. நஞ்சுள்ள பாம்பு கடித்தாலும் உடலில் போதிய நஞ்சு ஏறாத கடிகள் பல உண்டு. நஞ்சற்ற பாம்பின் கடிகள் அவற்றினும் பல. இவ்விருவகைக் கடிகளிலும் எந்த மருந்து கொடுத்தாலும் நோயாளி பிழைப்பார், மருந்துக்குப் புகழ் சேரும். பாஷாண மாத்திரை முதல் இன்றைய மந்திரிப்பு வரை அனைத்தும் இந்த எண்கணக்கின் நிழலிலேயே வாழ்கின்றன.

நூறாண்டு கழித்து மாத்திரையின் இடத்தைப் பிடித்தது ஒரு சிறு கத்தி. பொட்டாசியம் பெர்மாங்கனேட் நஞ்சை அழிக்கும் என்று 1881இல் பிரேசிலின் லாசெர்டா அறிவித்திருந்தார். இந்தியப் பாம்புகள் பற்றிய பெருநூலை 1872இல் வெளியிட்ட ஜோசப் ஃபேரர், லண்டன் மருத்துவர் லாடர் பிரண்டன், கல்கத்தாவில் பணியாற்றிய லியோனார்டு ரோஜர்ஸ் ஆகிய மூவரும் 1904இல் இம்முறையை இந்தியாவுக்குப் பரிந்துரைத்தனர். பிரண்டன் வடிவமைத்த கருவி எளிமையானது: சிறு உறைக்குள் ஒரு முனையில் கூரிய கத்தி, மறுமுனையில் ஊதா நிறப் பெர்மாங்கனேட் படிகம். கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டி, கடித்த இடத்தைக் கீறி, படிகத்தை உள்ளே தேய்க்க வேண்டும். விலை குறைவு, பையில் அடங்கும், மருத்துவப் படிப்பு வேண்டாம். பேரரசின் பார்வையில் இதைவிடச் சிறந்த முதலுதவிப் பெட்டி இருக்க முடியாது.

சோதனைக் குழாயில் இம்முறை வென்றது உண்மை. நஞ்சையும் பெர்மாங்கனேட்டையும் கலந்தால் நஞ்சு செயலிழக்கும். உடலில் நிகழ்வது வேறு. நஞ்சு திசுவுக்குள் ஊடுருவிச் செல்லும் வழியில் படிகம் அதைத் துரத்திச் செல்வதில்லை; தான் தொட்ட தசையை எரிப்பதோடு நின்றுவிடுகிறது. அதற்கு அடுத்த ஆண்டுகளில் இந்தியாவிலேயே நடந்த ஆய்வுகள் இந்தக் குறையைக் காட்டிவிட்டன. விரியன் கடியில் நிலைமை இன்னும் மோசம். இரத்தம் உறையும் ஆற்றலை இழந்துகொண்டிருக்கும் உடலில் கத்தி வைப்பது, அடைக்க முடியாத வாயைத் திறப்பதற்கு ஒப்பாகும். ‘ரக்தபிஞ்ஜரி’ என்று பெயரிட்டவர்களின் கையில் அந்தக் கத்தியைக் கொடுத்தது வரலாற்றின் கசப்பான நகை.

அறிவியல் கைவிட்ட கத்தியைச் சட்டம் கைவிடவில்லை. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 1971இல் வெளியான மத்திய விதிகள், 150 தொழிலாளர்களுக்கு ஒன்று என்னும் கணக்கில் முதலுதவிப் பெட்டியைக் கட்டாயமாக்கின. பெட்டிக்குள் இருக்க வேண்டியவற்றின் பட்டியல் நீண்டது: நுண்ணுயிர் நீக்கிய கட்டுத்துணிகள் மூன்று அளவில், தீப்புண்ணுக்குத் தனிக் கட்டுத்துணி, இரண்டு விழுக்காடு அயோடின் கரைசல், மயக்கந்தெளிய ‘சால்வொலட்டைல்’, கத்தரிக்கோல், ஆஸ்பிரின். இவற்றுக்கு நடுவே இரண்டு வரிகள் உண்டு. பாம்புக்கடிக் கத்தி ஒன்று. பெர்மாங்கனேட் படிகம் 30 கிராம் கொண்ட குப்பி ஒன்று. பிரண்டனின் கருவி கைவிடப்பட்டு இரண்டு தலைமுறை கடந்தபின், அது இரு தனிப்பொருள்களாகப் பிரிந்து, விடுதலை பெற்ற இந்தியாவின் தொழிலாளர் விதிகளுக்குள் அமர்ந்திருந்தது. ரயில்வே மத்திய அரசின் ஆளுகைக்கு உட்பட்டது. ஆகவே ரேணிகுண்டா சந்திப்பில் ஒப்பந்தக்காரரிடம் தண்டவாள வேலை செய்தவருக்கும் சட்டம் உறுதியளித்த பாதுகாப்பில் இந்தக் கத்தியும் ஒன்று.

இதைவிட நுட்பமானது அடுத்து வரும் விதி: குறிப்பிட்ட பொருள்களைத் தவிர வேறெதுவும் பெட்டிக்குள் வைக்கப்படலாகாது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 45ஆம் பிரிவிலும் இதே வாசகம் இருந்தது. பெட்டிக்குள் பீடிக்கட்டும் சாவிக்கொத்தும் சேர்ந்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கமாக இருந்திருக்கும், நோக்கம் நியாயமானது. ஆனால் அதன் விளைவாகப் பட்டியல் ஒரு மறைநூலின் உறுதியைப் பெற்றது. சேர்க்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. ஓர் அலுவலர் ஆய்வுக்கு வரும்போது கத்தி இல்லாதிருப்பதே குற்றம். அந்தக் கத்தியைப் பயன்படுத்தத் தெரிந்தவர் இருக்கிறாரா என்பதும், பயன்படுத்தாமல் விடத் தெரிந்தவர் இருக்கிறாரா என்பதும் அடுத்த வினாக்கள்.

உண்மையில் சட்டம் அடுத்த வினாவையும் கேட்டது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தொழிற்சாலைப் பெட்டி ஒவ்வொன்றும், மாநில அரசு ஏற்ற முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவரின் பொறுப்பில் இருக்க வேண்டும். வேலை நேரம் முழுவதும் அவர் எளிதில் அணுகத்தக்கவராய் இருக்க வேண்டும். 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆம்புலன்ஸ் அறை வேண்டும். பெட்டியையும் பயிற்சியையும் பிரிக்க முடியாத இரட்டையாகவே சட்டம் கண்டது. ஆனால் பெட்டியைச் சுவரில் மாட்டினால் வேலை முடிந்துவிடும். பயிற்சியோ மறந்துபோகும், ஆள் மாறினால் உடன் போய்விடும். சித்தூர் மாவட்டத்தின் மாங்கூழ்த் தொழிற்சாலைகள் போலப் பருவத்துக்குப் பருவம் ஆள் சேர்க்கும் இடங்களில் இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கத்தியும் கட்டும் மந்திரமும் எவ்வளவு உயிரைத் தின்றன என்பதற்குத் துல்லியமான கணக்கு இருக்க முடியாது. மொத்தச் சாவின் அளவு தெரியும். 2011இல் வெளியான ‘பத்து லட்சம் மரணங்கள்’ ஆய்வின்படி, 2005இல் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 45,900 பேர். மக்கள்தொகை விகிதத்தில் அன்றைய ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசமே முதலிடத்தில் நின்றது: லட்சம் பேருக்கு 6.2. எண்ணிக்கையில் 5,200 சாவுகளோடு உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். சாவுகளில் பெரும்பாலானவை மருத்துவமனைக்கு வெளியே நிகழ்ந்தவை என்பதே அவ்வாய்வின் மிகக் கனமான செய்தி. நஞ்சுமுறி மருந்து இல்லாத நாடன்று இது. மாமல்லபுரம் சாலையில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சே இந்திய நஞ்சுமுறி உற்பத்திக்கு அடிப்படையாக இருந்துவருகிறது. அச்சங்கமும் சித்தூரிலிருந்து சில மணிநேரப் பயணத் தொலைவில்தான் உள்ளது. மருந்து இருந்தது, கடிபட்டவர் அதனிடம் போய்ச் சேரவில்லை. அம்மருந்தைப் பெட்டியில் வைக்கவும் இயலாது. அது நாளத்தின் வழியே ஏற்றப்படுவது. உடல் அதை ஒவ்வாமல் எதிர்த்தால் சில நிமிடங்களில் அட்ரினலின் கொடுத்து மீட்க வேண்டும்.

2007இல் உருவான தேசியப் பாம்புக்கடி நெறிமுறை, முதலுதவியாளர் செய்ய வேண்டியதை நான்காகச் சுருக்கியது. கடிபட்டவரைத் தேற்றுதல், கடிபட்ட உறுப்பை அசையாமல் நிறுத்துதல், தாமதமின்றி மருத்துவமனை சேர்த்தல், வழியில் தோன்றிய அறிகுறிகளை மருத்துவரிடம் சொல்லுதல். கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, கடிவாயைக் கழுவிக்கொண்டிருக்கக் கூடாது. பெட்டியிலிருந்து எத்தனை பொருள்கள் வெளியேறிவிட்டன என்று பாருங்கள். இறுக்குக்கட்டு மட்டும் ஒரு புறம் வெளியேறி மறுபுறம் திரும்பி வந்திருக்கிறது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின் பட்டறிவுக்குப்பின், கைகால்களில் பீறிடும் குருதியை நிறுத்த அது மீண்டும் ஏற்கப்பட்டது. சாலை விபத்துக்கு அது உண்டு, பாம்புக்கடிக்கு இல்லை. ஒரே பொருள் ஓரிடத்தில் உயிரையும் ஓரிடத்தில் கையையும் காக்கவோ கெடுக்கவோ செய்யும் என்பதைப் பட்டியல் சொல்லாது, பயிற்சிதான் சொல்லும்.

அந்நெறிமுறையின் இரண்டாம் அறிவுரையில் ஒரு சிறு உவமை உண்டு: முறிந்த எலும்பை எவ்வாறு அசையாமல் கட்டுவீர்களோ அவ்வாறே கடிபட்ட உறுப்பையும் கட்டுக. சித்தூர் வட்டாரத்து ஒருவருக்கு இந்த உவமையை விளக்கவே வேண்டாம். ‘புத்தூர் கட்டு’ பிறந்த மண் அது. புத்தூரை அடுத்த சிற்றூரில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கேசவ ராஜு என்பவரிடமிருந்து தொடங்கியதாகச் சொல்லப்படும் எலும்பு முறிவு வைத்தியம் அவருடைய வழித்தோன்றல்களிடம் தொடர்ந்தது. பச்சிலைச் சாந்து, முட்டை வெள்ளைக்கரு, துணி, மூங்கில் பத்தை என்பன அதன் கருவிகள். புத்தூர்ப் பெயர் தாங்கிய கட்டு வைத்தியசாலைகள் தமிழ்நாட்டின் சிறு நகரங்களில்கூட உண்டு. புத்தூர் வட்டத்தின் ஒரு பகுதி 1960 ஏப்ரலில் எல்லை மாற்றத்தால் சென்னை மாநிலத்துக்கு வந்தது. கட்டின் புகழ் எந்த எல்லைக் குழுவுக்காகவும் காத்திருக்கவில்லை.

புத்தூர் கட்டைப் புகழ்வது இங்கு நோக்கமன்று. எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்த முறிவுக்கும், நரம்போ நாளமோ நசுங்கிய முறிவுக்கும், மூட்டுக்குள் விழுந்த முறிவுக்கும் அது போதாது. இறுக்கமான கட்டுக்குள் குருதியோட்டம் நின்று உறுப்பை இழக்கும் ஆபத்து எந்தப் பாரம்பரியக் கட்டுக்கும் உண்டு. ஆனால் அதன் சிகிச்சைப் பகுதியைத் தள்ளிவைத்துவிட்டால் எஞ்சுவது என்ன? இரண்டு மூங்கில் பத்தை, நீண்ட துணி, முறிவுக்கு மேலும் கீழுமுள்ள மூட்டுகள் அசையாதபடி கட்டும் கைப்பழக்கம். தஞ்சாவூர் மாத்திரையும் பிரண்டன் கத்தியும் பெட்டியை விட்டுப் போனபின், பாம்புக்கடிக்கு மருத்துவம் வேண்டுவது இந்த மூன்றையுமே. இறுக்காமல், விரல் நுழையும் தளர்வில். நஞ்சு பெரிதும் நிணநீர் வழியே பரவுவது. தசை அசைய அசைய அது விரையும். ஆகவே அசைவை நிறுத்துவதே முதலில் செய்யத்தக்கது. தெலுங்கு பேசும் ஊரின் கைவினை, தமிழ்ச் சொல்லின் பொருளில் பயன்படுகிறது: சிகிச்சையாக அன்று, உதவியாக.

இனி, இப்பயிற்சி எம்மொழியில் நடந்தது, நடக்கிறது என்பது. அமெரிக்க மிஷன் மருத்துவர் ஜான் ஸ்கடர் 1820இல் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பணி தொடங்கி, பின்னர் சென்னைக்கு வந்தார். அவர் மகன் ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் தொடங்கிய ஆர்க்காடு மிஷனின் நிலையங்களுள் சித்தூரும் ஒன்று. பேத்தி ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்த மருந்தகமே இன்று சித்தூர் மாவட்டத்தார் எல்லை தாண்டித் தேடிச்செல்லும் பெரிய மருத்துவமனை. ஸ்கடர் விட்டுவந்த அதே யாழ்ப்பாண மிஷனில், மானிப்பாயில், சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1860களில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அறுவை மருத்துவம் பற்றிய ‘இரண வைத்தியம்’ என்னும் மொழிபெயர்ப்பு நூல் 1867இல் வந்தது. ஷெப்பர்டின் ஆங்கில முதலுதவிக் கையேட்டுக்குப் பத்தாண்டு மூத்தது. குருதிப்போக்கும் எலும்பு முறிவும் கட்டுக்கட்டுதலும் அச்சிட்ட தமிழில் அன்றே பேசப்பட்டுவிட்டன. பெட்டியோடு வந்த துண்டறிக்கை அம்மரபைத் தொடரவில்லை. 1971 விதிகள் பெட்டிக்குள் அரசின் முதலுதவித் துண்டறிக்கை ஒன்று இருக்க வேண்டும் என்றன. எம்மொழியில் என்று அந்த இடத்தில் சொல்லவில்லை. தொழிற்சாலைச் சட்டத்தின் 108ஆம் பிரிவோ, சுவரில் ஒட்டும் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பாலான தொழிலாளர் அறிந்த மொழியிலும் இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. வேலை நேர அறிவிப்புக்குக் கிடைத்த மொழியுரிமை குருதி நிறுத்தும் குறிப்புக்குக் கிடைக்கவில்லை.

திருமலைப் படிகளில் இச்சிக்கல் வேறு உருவம் கொள்கிறது. 1944 ஏப்ரலில் முதல் மலைப்பாதை திறக்கப்படும் வரை அனைவரும் நடந்தோ டோலியிலோதான் ஏறினர். இன்றும் அலிப்பிரியிலிருந்து 3,550 படிகளை ஏறுவோர் ஏராளம். அவர்களுள் தெலுங்கரும் தமிழரும் கன்னடரும் வடவரும் உண்டு. இதய நோயாளிகளும் முதியோரும் நடந்து ஏற வேண்டாம் என்று தேவஸ்தானம் 2024இல் அறிவுறுத்தியது. 1,500ஆம் படியிலும் காலிகோபுரத்திலும் மருத்துவ உதவி கிடைக்கும் என்றும் சொன்னது. ஆனால் இதயம் நின்றவருக்கு அடுத்த சில நிமிடங்களே உண்டு. உதவி நிலையம் 300 படிக்கு அப்பால் இருந்தாலும் அது தொலைவே. அங்கு அருகில் இருப்பவர் மற்றொரு பக்தர். ஒருவேளை மொழி தெரியாதவர். 2017இல் இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் வகுத்த, மார்பழுத்தம் மட்டுமே கொண்ட உயிர்காப்பு முறை இத்தகைய இடத்துக்கு ஏற்றது. வாயோடு வாய் வைத்து ஊதுதல் பொதுமக்களுக்கான இம்முறையில் இல்லை. நிலையறிந்து, ஆளழைத்து, மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை அழுத்திக்கொண்டே இருந்து, மருத்துவமனைக்கு மாற்ற வேண்டும். இதற்குப் பெட்டியே வேண்டாம். முன்பு ஒருமுறை பொம்மையின்மேல் அழுத்திப் பழகிய இரு கைகள் வேண்டும்.

கைகள் இருந்தும் நீளாமல் போனதற்கு நெடுங்காலம் காவல்நிலையமும் நீதிமன்றமும் காரணமாயிருந்தன. 2005 ஆகஸ்ட் 15இல் ஹைதராபாத்தில் 108 சேவை தொடங்கியது. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கும் அது வந்தது. ஊர்தி வந்துவிட்டது, அதை அழைத்தவரைச் சாட்சியாக்கி அலைக்கழிக்கும் அச்சம் போகவில்லை. 2016 மார்ச் 30இல் உச்ச நீதிமன்றம் நல்ல சமாரியர் நெறிமுறைகளுக்குச் சட்டவலு அளித்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134அ பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு, கைம்மாறு கருதாமல் அவசர மருத்துவக் கவனிப்போ மருத்துவம் சாராத கவனிப்போ உதவியோ அளிப்பவரை அது பாதுகாக்கிறது. ‘மருத்துவம் சாராத’ என்னும் அடைமொழி சட்ட வரைவாளரின் வழக்கமான முன்னெச்சரிக்கையாக இருக்கலாம். ஆயினும் சிகிச்சை செய்யாமல் வெறுமனே உடன் நின்றவருக்கும் இந்தியச் சட்டத்தில் ஓர் இடம் அதனால் கிடைத்தது.

2024 மார்ச்சில் நடுவண் அரசு பாம்புக்கடிக்கான தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. 2030க்குள் சாவுகளைப் பாதியாக்குவது அதன் இலக்கு. சோதனை முறையில் 15400 என்னும் உதவி எண் தொடங்கப்பட்ட மாநிலங்களுள் ஆந்திரப் பிரதேசமும் ஒன்று. இவற்றின் துணையோடு சித்தூர் மாந்தோப்பு ஒன்றுக்கு இன்று பெட்டி அமைப்பவர், 1971 பட்டியலிலிருந்து கட்டுத்துணிகளையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொள்ளலாம். முக்கோணத் துணி நான்கு, கையுறை, முழங்கைக்கும் முழங்காலுக்கும் எட்டும் மூங்கில் பத்தைகள், வாய்வழி நீரேற்று உப்பு, கைவிளக்கு ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். பாம்புக்கடிக் கத்தியும் பெர்மாங்கனேட்டும் கிடந்தால் அகற்ற வேண்டும். கூடவே ஒரு துண்டுத்தாளும் பேனாவும். கடித்த நேரம், வீக்கம் எதுவரை ஏறியது, இமை எப்போது சரிந்தது, ஈறில் குருதி எப்போது தெரிந்தது என்று வழியிலேயே குறித்துவர வேண்டும். மருத்துவமனையில் இரண்டு மில்லி இரத்தத்தை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். அந்தச் சோதனையின் முடிவோடு இத்தாளையும் சேர்த்தே படிப்பார்கள். அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் நஞ்சுமுறி ஏற்றியபின், நோயாளி திருப்பதி ருயா மருத்துவமனைக்கு அனுப்பப்படலாம், வேலூருக்கும் அனுப்பப்படலாம். முதல் இடத்தில் தாளிலுள்ள தமிழைப் படிக்க ஆளில்லாமல் போகலாம், இரண்டாம் இடத்தில் தெலுங்கை. எண்களில் எழுதிய நேரத்தை இரண்டிலும் படிப்பார்கள்.